யார் மீதும் தவறில்லை

ஜுலைகாவின் காலை முறித்தது ஓட்டுநர் இல்லாத வண்டி. எந்த மனிதர் மீதும் தவறில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த வண்டி மட்டும் தினமும் காலையில் அவளுடைய போனில் இனிய குரலில் மன்னிப்புக் கேட்டது. அதன்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வரவில்லை.

மூன்றாம் மாதம் நரைத்த தாடியோடு ஒருவர் கதவைத் தட்டினார்.

"என் பேர் எஸ்ரா. அன்னைக்கு அந்த வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்தது நான்தாம்மா."

"நீங்க ஓட்டலையே?"

"ஓட்டல. சீக்கிரம் போன்னு அதட்டினேன்."

ஜுலைகா அவரை உற்றுப் பார்த்தாள். "உங்கள யாரும் கேக்கலையே சார். எதுக்கு வந்து சொல்றீங்க?"

"நாங்க யூதருங்க. எங்க பெரிய நோன்பு வருது. மனுஷனுக்குச் செஞ்ச தப்ப அந்த மனுஷன் மன்னிக்காம ஆண்டவன் மன்னிக்க மாட்டான்."

"எங்க மார்க்கத்துலயும் அப்படித்தான்" என்றாள். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். பறிபோன வேலை, ஏற முடியாத மாடிப்படி, தூங்கவிடாத வலி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினாள். அவர் நின்று கேட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்" என்றாள் கடைசியில்.

"நாளைக்கு வரேம்மா. மூணு தடவையாவது கேக்கணும்னு எங்க முறை."

"மூணாவது தடவையும் மாட்டேன்னு சொன்னா?"

"அப்பவும் அதட்டினது நான்தானேம்மா."

மறுநாள் அவர் கேட்டபோது தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் அவர் வாய் திறப்பதற்குள், "மன்னிச்சிட்டேன் சார்" என்றாள். "நோன்பு முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. உங்களுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."