சார்ஜில் கிடந்த வளையல்

பார்வைக்கு ரோஸ்லின் நன்றாகத்தான் இருப்பாள். உடம்பெல்லாம் வலி என்றால் வீட்டிலும் நம்பவில்லை, தண்ணீர் லாரி வரிசையிலும் நம்பவில்லை. வலி கூடினால் சிவப்பாக ஒளிரும் மின்வளையலை ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பிறகுதான் வரிசை அவளுக்கு வழிவிட்டது.

இன்று அதைச் சார்ஜில் போட்டவள் மறந்து வந்துவிட்டாள். வெறுங்கையோடு முன்னால் போகக் கூசி, குடத்தைக் கடைசியில் வைத்தாள்.

முன்னால் நின்ற வேதவல்லி திரும்பினாள். ஒரு காலத்தில், 'நடிக்கிறா' என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

"இன்னா ரோஸ்லின், அங்கியே நின்னுட்ட?"

"வளையல் வூட்ல சார்ஜ்ல கெடக்குதுக்கா."

"வலியுமா அங்க கெடக்குது? கொடத்தக் குடு."

நிரம்பிய குடத்தை வேதவல்லியே இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் போன ரோஸ்லின், அன்றைக்கு முழுக்க அந்த வளையலை எடுத்து மாட்டவே இல்லை.