காத்திருந்த பெயர்

சீல் கறி சூப்பு மூன்றாம் முறையாகக் கொதித்து அடங்கியது. நவரானா அடுப்பைத் தணித்துவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். பனிமூட்டம் விலகினால்தான் ஹெலிகாப்டர் வரும். ஹெலிகாப்டர் வந்தால்தான் டாக்டர் வருவார். ஊர்க்கோடி மருத்துவ நிலையத்தில் அவளுடைய நாத்தனார் இவாலு நேற்றிலிருந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

மூட்டத்தின் அடர்த்தியைப் பார்த்து ஹெலிகாப்டர்காரர்களுக்குச் சொல்வதும் நவரானாவின் வேலைதான். பல ஆண்டுகளாக அவளும் அவள் கணவன் கிலாக்கும் அந்தக் கரையின் காற்றையும் பனியையும் கடல்நீரையும் அளந்து ஆய்வு நிலையத்துக்கு அனுப்பிவருகிறார்கள். கரையில் அவள்; உறைந்த கடலின்மீது நாய்வண்டியில் அவன்.

வயர்லெஸ் கரகரத்தது.

"நவா, தங்கச்சி பெத்துட்டாளா?"

"இன்னும் இல்ல. நீ எங்க இருக்க?"

"வளைகுடா வாயிலதான். துளை போட்டுக் கருவிய இறக்கிட்டேன். தண்ணி சூடா இருக்கு நவா. எந்த வருஷமும் மார்ச்சுல இப்படிக் காட்டினதில்ல. கடலம்மாவுக்குக் காய்ச்சல் போல."

"உன் கருவிக்குத்தான் காய்ச்சல். கெளம்பி வா."

"தப்பா அனுப்பினா காலத்துக்கும் தப்பாவே நிக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு துளை போட்டுப் பாத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள எங்கம்மா வந்துட்டா, எனக்கு முன்னாடி யாரும் கூப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்."

"உங்கம்மாவாவது, உனக்காகக் காத்திருக்கறதாவது. உயிரோட இருந்த காலத்துலயே நீ வர்றதுக்குள்ள சூப்பக் காலி பண்ணினவங்கதானே?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு வயர்லெஸ் ஓய்ந்தது. குளிரில் பேட்டரி அடங்கிப்போவது அங்கே புதிதல்ல.

கிலாக்கின் தாய் இலையுதிர்காலத்தில் காலமானாள். அன்றுமுதல் அவள் பெயரை ஊரில் ஒருவரும் உச்சரித்ததில்லை. பிள்ளைக்குப் பெயர் தேடி அலைகிற வழக்கம் அந்தப் பனிக்கரை மக்களிடம் கிடையாது. கடைசியாகப் போனவரின் பெயர் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கும். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பேதமும் இல்லை. பெயர் வந்து சேர்ந்தால் ஆளே வந்து சேர்ந்ததாகப் பொருள். மீன்காரர் வீட்டு நாலு வயதுச் சிறுமியை நவரானா "அப்பா" என்றுதான் அழைப்பாள், அந்தக் குட்டியும் இடுப்பில் கைவைத்து, "என்ன மகளே?" என்று அதட்டும்.

மாதக்கணக்காக "அம்மா" என்று யாரையும் அழைக்காமல் வாய் வறண்டு கிடந்தவன் கிலாக். முதல் அழைப்பு அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நவரானா வேண்டிக்கொண்டாள்.

பிற்பகலில் மூட்டம் மெலிந்தது. அவள் உடனே செய்தி அனுப்பினாள். ஹெலிகாப்டரின் ஒலி கேட்டது. ஆனால் அது நேரே ஊருக்குள் இறங்கவில்லை. வளைகுடா வாய்ப்பக்கம் தாழ்ந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தது. மிச்ச மூட்டத்தில் விமானி வழி தேடுகிறான் போலும் என்று எண்ணிக்கொண்டு, கிலாக்கின் கிண்ணத்தைத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. இவாலுவின் கணவன் மினிக் நின்றான்.

"பொறந்துடுச்சு, அக்கா. பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க."

நவரானாவின் கண்கள் நிறைந்தன. "வந்துட்டாங்களா என் மாமியார்! பொறக்கும்போதே ஊரைக் காக்கவெச்சாச்சு. நீ ஏன் பனிபூட்ஸோட நிக்கற? உக்காரு. மூஞ்சியப் பாரு, நீயே பெத்த மாதிரி இருக்க."

மினிக் உட்காரவில்லை. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

"சூப்பு குடி. உன் மச்சானும் இப்ப வந்துடுவான். அவன்தான் முதல்ல கூப்பிடணுமாம்." கரண்டியை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு அவனருகே வந்தாள். "ஆனா எனக்கும் ஆசையா இருக்கு மினிக். எத்தன மாசமாச்சு அத்த பேரக் காதால கேட்டு. இனிமே சொல்லலாமே. ஒரு தடவ சொல்லேன்."

மினிக் மேசைமேலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அத்த பேரு இன்னும் காத்திருக்கு, அக்கா."

"அப்போ பாப்பாவுக்கு?"

"கிலாக்."