கேட்டுக்கு வெளியே ஆறு பிளக்

"வீட்டுக்குள்ள மூணு லைட், மூணு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். போதும். ஆனா கேட்டுக்கு வெளியே ஆறு பிளக் பாயிண்ட் வேணும்."

என் மனைவி இப்படிச் சொன்னதும் சோலார்க்காரர் எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வெளியேன்னா... வராண்டாவுலயா மேடம்?"

"இல்லைங்க. தெருப் பக்கம், கேட் தூண்ல. மழை படாம மேலே ஒரு தகடு, போன் வைக்கக் கீழே ஒரு பலகை."

"தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் சொருகுவானே!" இது நான்.

"அதுக்குத்தானே வைக்கிறது?"

நான் ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷமா யார் எது கேட்டாலும் முதல்ல 'இல்லை'ன்னு சொல்லித்தான் பழக்கம். இவ ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸ். எனக்கு நேர் எதிர்.

சும்மா சொல்லக் கூடாது, சோலார் விஷயத்துல அவ கெட்டிக்காரி. முந்தின வாரம் வேற ஒரு ஆள் மலிவா ஒண்ணு காட்டினார். நான் மயங்கிட்டேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "தெருவுல கரண்ட் போனா இது ஓடுமா?"

அந்த ஆள் தலையைச் சொறிஞ்சார். பேட்டரி இல்லாத அந்த செட், லைன்ல கரண்ட் போனா தானும் படுத்துடுமாம். பில்லைக் குறைக்குமே தவிர புயலுக்கு உதவாது.

எங்களுக்குப் புயல்தான் பயம். போன சீசன்ல அடிச்ச அடியில எங்க தெருவுக்கு நாலு நாள் கரண்ட் இல்லை. இவ நாலு நாளும் ஆஸ்பத்திரியிலயே டியூட்டி. நானும் ரெண்டு பொண்ணுங்களும் வீட்டுல. பழைய இன்வெர்ட்டரை வச்சு ஒரு லைட், ஒரு ஃபேன்னு பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

நடுவுல போன் சார்ஜ் போடணும்னு ரெண்டு மூணு பேர் வந்தாங்க. 'இங்கேயும் கரண்ட் இல்லைங்க'ன்னு அனுப்பிட்டேன். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? இவகிட்ட அதைச் சொல்லிக்கலை.

நாலு நாள் குடும்பத்தைக் காப்பாத்தினேனே, ஒரு சபாஷ் உண்டா? வீட்டுக்கு வந்த மூணாம் நாள் லீவு போட்டு, நல்லா இருந்த எங்க நீலக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சா.

"ஏம்மா, சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கு. கேட்தான் இப்ப அவசரமா?"

"பச்சைன்னா கண்ணுக்குக் குளிர்ச்சிங்க."

சரி, சோலாருக்கு வருவோம்.

"பெட்ரூம் ஏசியையும் பேட்டரியில சேர்த்துக்கோங்க. அந்த ஆறு பிளக்கைத் தூக்கிடுங்க" என்றேன்.

சோலார்க்காரர் சிரிச்சார். "ஏசி பேட்டரியைக் குடிச்சுடும் சார். மேடம் கேக்கிறது ஒண்ணுமே இல்லை. ஆறு போன் சேர்ந்து இழுத்தாலும் ஒரு ஃபேன் அளவுதான்."

அவர் கிளம்பினதும் நான் விடலை.

"வெளியே வேண்டாம்மா. வராண்டாவுல வை. வேணும்கிறவங்க பெல் அடிச்சுக் கேக்கட்டும். ஆளைப் பார்த்துக் கொடுப்போம்."

"கேட்டா நீங்க கொடுப்பீங்களா?"

"கொடுக்காம?" எனக்கே என் குரல் பிடிக்கலை.

அவ என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

"போன புயல்ல, ரெண்டாம் நாள் சாயங்காலம் எங்க வார்டுக்கு ஒருத்தர் வந்தார். மூச்சுத் திணறுற பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு, முழங்கால் தண்ணியில நடந்தே வந்திருக்கார். ஆம்புலன்ஸைக் கூப்பிட போன்ல சார்ஜ் இல்லையாம்."

நனைஞ்ச சட்டையோட, போனை பிளாஸ்டிக் கவர்ல சுத்திக்கிட்டு, 'அஞ்சு நிமிஷம் போதும் சார்'னு ஒருத்தர் கேட்டது ஞாபகம் வந்தது. மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதுக்குள்ள நான் கதவைச் சாத்திட்டேன்.

"குழந்தை..?"

"பிழைச்சுக்கிச்சு. இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா கஷ்டம். எங்கேயும் சார்ஜ் கிடைக்கலையான்னு கேட்டேன். 'ஒரு வீட்டுல ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு சிஸ்டர். ஆனா கரண்ட் இல்லைன்னுட்டார். பாவம், அவருக்கும் பிள்ளைங்க இருக்கும்'னார்."

"எந்த வீடுன்னு சொன்னாரா?"

அவ தயங்கினா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா.

"நீலக் கேட் வீடுன்னார்."

பத்து மாசம்! ஒரு குத்தல் பேச்சு கிடையாது. யாரும் என்னைப் பார்த்து விரல் நீட்டிடக் கூடாதுன்னு ஒத்தை ஆளா நின்னு பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்கா மகராசி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அடுத்த புயலுக்கு முன்னாலயே மாடியில பேனல் ஏறிடுச்சு. கேட் தூண்ல ஆறு பிளக், மேலே தகடு, கீழே பலகை. எல்லாம் அவ சொன்னபடி.

மறுநாள் அவ டியூட்டி முடிஞ்சு வந்தப்போ, நான் பிரஷ்ஷும் கையுமா கேட் முன்னால உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க இது, மறுபடியும் நீலம்?"

"அந்த மனுஷன் திரும்பி வந்தா வீடு அடையாளம் தெரிய வேண்டாமா?"