காமாவின் பெயரில் ஒரு படகு

அந்தோணியார்மேல் ஆணையாக இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ராயபுரம் கரையில் மாலை வெயில் லூயிஸின் புதுப் படகில் ஈரப் பச்சைச் சாயத்தின்மேல் மினுங்குகிறது. நாளைக் காலை சாமியார் வந்து மந்திரித்துக் கடலில் இறக்க வேண்டும். பெயரில்லாத படகை அவர் மந்திரிக்க மாட்டார். முகப்பில் ‘வாஸ்கோடகாமா’ என்று எழுதச் சொன்னால், பெயின்டர் பக்ருதீன் பிரஷ்ஷைப் பிடித்தபடி சும்மா நிற்கிறார். “மெக்கா போய்ட்டு ஹாஜிங்க வந்த கப்பலக் கொளுத்துனவன் மாமு அவன். பொம்பள, கொயந்தைங்க, அல்லாரும் உள்ள இருந்தாங்கோ.” லூயிஸ் விடுவதாக இல்லை. “அவன் வந்த வயில வந்த சாமியாருங்கதான் பாய் எங்களுக்கு வேதம் குடுத்தாங்கோ. எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்த மணல்லதான் அவனுக்கு நண்டுக் கொயம்பு ஊத்துனாரு. மூணு சட்டி துன்னுட்டு ஏப்பம் வுட்டான், நாலு கட்டுமரம் கவுந்துச்சு.” பக்ருதீன் சிரித்துவிடுகிறார், பிரஷ் மட்டும் அசையவில்லை. லூயிஸ் அந்தக் கையையே பார்க்கிறார். போன புயலில் கடலில் குதித்து, மூழ்கிக்கொண்டிருந்த லூயிஸின் தலைமயிரைப் பிடித்துக் கரைவரை இழுத்து வந்த கை அது. லூயிஸ் சாயச் சட்டியை அவர் பக்கம் நகர்த்துகிறார். “காமா வேணாம் பாய். உன் பேர எய்து.” “சாமியாரு கேட்டா இன்னா சொல்லுவ?” “புதுசா வந்த அர்ச்சிஷ்டரு, புனிதருன்னு சொல்லிக்கிறேன்.” வெள்ளைச் சாயத்தில் ‘ப’ மெல்ல எழுகிறது. லூயிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறார். அன்று புயலில் குதித்த பக்ருதீனுக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது.