சுவரோடு சுவர்

“பேராசை. வேற என்ன?” பக்கத்திலிருந்த அக்கா வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினார் கணக்கர். “புருஷனும் போயாச்சு, புள்ளை குட்டியும் கிடையாது. ஒத்தை ஆளுக்கு எதுக்கு ஆறு மாடி?”

“அவங்க கட்டினா கட்டிட்டுப் போறாங்க,” என்றாள் மனைவி. “நீங்க முதல்ல நம்ம பொண்ணுக்கு இந்தத் தெருவுல ஒரு வீடு பாருங்க. கைக்குழந்தையோட தனியா எங்கேயோ கிடக்குறா. இங்கயே வந்துடுன்னா, ‘அப்பா வீட்டுல வந்து உட்கார மாட்டேன், பக்கத்துல வாடகைக்குக் கிடைச்சா வர்றேன்’கிறா.”

“வாடகை சொல்றானுங்களே, கேட்டாலே தலை சுத்துது.”

வாசலில் செருப்புச் சத்தம். அக்காவும் பில்டரும்.

பில்டர் வரைபடத்தை விரித்தார். “சார், உங்க சுவரோட ஒட்டிக் கட்ட நீங்க சம்மதிச்சா ஆறு மாடி வரும். இல்லேன்னா இடைவெளி விடணும். அகலம் போயிடும். மூணு மாடிக்கு மேல அனுமதியும் கிடைக்காது.”

“மூணு மாடி போதாதா?”

“லிஃப்டு, படிக்கட்டு, மனை விலை இதெல்லாம் மாடி குறைஞ்சா குறையுமா சார்? அத்தனையும் இருக்கிற நாலஞ்சு வீட்டுத் தலையில விழும். அப்புறம் பெரிய பெரிய ஃபிளாட்டாக் கட்டி, வசதியானவங்களுக்குத்தான் கொடுக்க முடியும். சாதாரண சம்பளக்காரங்க எட்டிக்கூடப் பார்க்க முடியாது.”

“ஓ, ஊருக்கு உபகாரமா? எனக்குத் தெரியாமப் போச்சே.”

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “உனக்கு என்னடா சங்கடம்? அதைச் சொல்லு.”

“என் மொட்டைமாடிக்கு வெயில் வராது. துணி காயாது. கண்டவனும் மேலேர்ந்து என் வீட்டுக்குள்ள பார்ப்பான்.”

“அவ்வளவுதானா?”

அவ்வளவு மட்டும் இல்லை. பாகம் பிரித்தபோதே பெரிய மனை அவளுக்குப் போனது. இனி ஆயுசுக்கும் அவளை அண்ணாந்து வேறு பார்க்க வேண்டுமா? அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

“அவ்வளவுதான்.”

பில்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையமர்த்தினாள். “எழுந்திருங்க. அவன் சுவரு, அவன் இஷ்டம்.”

கட்டடம் மூன்று மாடியோடு நின்றது. கணக்கர் மொட்டைமாடியில் துணி முறுகலாகக் காய்ந்தது. மகளோ வாடகை கட்டுப்படியாகாமல், ஊருக்கு இன்னும் வெளியே தள்ளிப் போனாள். இப்போதெல்லாம் பேரன் தாத்தாவைக் கண்டால் புது ஆள் என்று அழுகிறான்.

கணக்கர் மானத்தை விட்டுப் பில்டரைத் தேடி அந்தப் புதுக் கட்டடத்துக்கே போனார். புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

“பொண்ணுக்கு இங்க வாடகைக்கு ஒண்ணு வேணும். ஒரே ரூம் போதும்.”

“ஒரு ரூம் ஃபிளாட்டெல்லாம் மேல் மாடியோட போச்சு சார். இதெல்லாம் டாக்டருங்களும் வக்கீலுங்களும் வாங்கினது.”

“எங்க அக்கா நினைச்சா ஒண்ணை ஒதுக்கியிருக்கலாம். சொந்த அத்தைன்னுதான் பேரு.”

“மனை கொடுத்ததுக்கு ஈடா அம்மா பங்குக்கு வந்ததே ஒண்ணுதான் சார். அதுலதான் அவங்க இருக்காங்க. ஆறு மாடி வந்திருந்தா ரெண்டு வந்திருக்கும்.”

“இருக்கிறது ஒரு உசுரு. ரெண்டு எதுக்கு?”

பில்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னிக்கு உங்க வீட்டுப் படியிறங்கினதும் நானும் கேட்டேன் சார், விஷயத்தைச் சொல்லியிருந்தா உங்க தம்பி கையெழுத்துப் போட்டிருப்பாரேன்னு. ‘அது அவனை விலைக்கு வாங்கின மாதிரி ஆயிடும். அவனா மனசு வந்து போட்டாப் போடட்டும்’னாங்க. இப்போ நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க.”

“என்ன விஷயம்?”

“ரெண்டாவது வீட்டை உங்க பொண்ணு பேர்ல எழுதச் சொல்லியிருந்தாங்க சார்.”