பதினாறாம் பாகம்

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும்.

காதால் கேட்கிற தொடர் அது. கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதாது.

படித்தால் கேட்க ஆள் வேண்டும். புருஷன் சமையலறை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். மில் பஸ் ஓட்டுகிறவன். காலை ட்ரிப் முடிந்து வந்தால் மத்தியானம் வரை வீட்டில்தான்.

படித்தாள்.

மாமியார் சிவகாமி கதவைத் திறந்து வெளியே வருகிறாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாள்.

பதினாறாம் பாகம் அவ்வளவுதான். நடக்க வேண்டியதை ஒரு வரியில் கொடுத்து, அதை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது தொடர் தயாரிக்கிற கம்பெனி. தேர்வுக்காக. பிடித்துப்போனால் வேலை. மாதாமாதம், வீட்டில் இருந்தபடியே.

கிடைக்காவிட்டால் கொழுந்தனின் உரக்கடையில் பில் போட உட்கார வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் கடை திறந்தால் ராத்திரி ஷட்டரை இறக்கும் வரை யூரியாவும் பொட்டாஷும்தான். எழுதிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும்.

அதுதான் பயம்.

எழுதிப் பிழைக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த விளம்பரம் அது. அவள் சும்மா நம்பிவிடவில்லை. முன்பணம் கேட்கிறார்களா என்று பார்த்தாள். கேட்கவில்லை. ஆதார் கேட்கவில்லை. ஓடிபி கேட்கவில்லை. ஏமாற்றுகிறவன் எங்கெங்கே கை வைப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி.

இவர்கள் கேட்டது ஒரு பாகம்தான்.

படித்து முடித்து நிமிர்ந்தாள். வெங்காயம் உரிப்பது நின்றிருந்தது. நல்ல அறிகுறி.

"ஏம் புள்ள, அந்தம்மா எதுக்கு மன்னிப்புக் கேக்குது?"

"அது பதினஞ்சாம் பாகத்துல வருமுங்க."

"அதுல என்ன பண்ணுச்சு?"

"தெரியலீங்க."

"எழுதுனவளுக்கே தெரியாதா? நல்லாருக்குது போ."

அவன் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டான். அவளால் கதைக்குத் திரும்ப முடியவில்லை.

கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள். சுறுசுறுப்பான குரல்.

"பதினஞ்சாம் பாகம் எழுதுனவங்க யாருன்னு சொன்னீங்கன்னா, நான் தொடர்ச்சி பாத்துக்குவனுங்க."

"அது வேற கேண்டிடேட்டோட டெஸ்ட் மேடம்."

"பதினாலு?"

"அதுவும் டெஸ்ட்தான் மேடம்."

"அவங்களுக்கெல்லாம் வேலை கெடச்சுதுங்களா?"

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், நானே டெஸ்ட்லதான் இருக்கேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

பிறகு அந்தப் பெண் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க மேடம்." அதற்கப்புறம், யாரோ பக்கத்தில் இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அனுப்பணும்னு இல்ல."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எங்கெங்கோ உட்கார்ந்து ஒருத்தி கல்யாணத்தை எழுதியிருக்கிறாள். ஒருத்தி சீர்வரிசைச் சண்டையை. ஒருவரையொருவர் தெரியாது. ஆளுக்கொரு பாகம். நல்லபடியாக எழுதி, சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, போன் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

தொடர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. பசித்தது.

"என்னவாமா?"

"வேலை ஒண்ணும் இல்லீங்க. கதையைச் சும்மா வாங்கறதுக்குத்தான் இத்தனையும்."

அவன் வெங்காயத் தட்டை நகர்த்தி வைத்தான். "அப்ப மயில்சாமிகிட்டச் சொல்லீரட்டுமா?"

மயில்சாமி அவன் தம்பி. உரக்கடைக்காரன்.

"சொல்லுங்க. மத்தியானம் வரைக்கும்தான் வருவேன்னு சொல்லுங்க. சம்பளத்த நானே பேசிக்கறேன்."

"கூடப் பொறந்தவங்கிட்டயேவா?"

"அவருகிட்டத்தானுங்க மொதல்ல பேசோணும்."

அவன் வெங்காயக் கண்ணோடு சிரித்தான்.

மனசில் எதுவோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மத்தியானத்துக்கு மேல் இருக்கிற நேரம் தன்னுடையது. யாரும் கொடுத்ததில்லை. அவளே கேட்டு வைத்துக்கொண்டது.

சோறு ஆகும் வரை சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு பதில் எழுதினாள். முதல் பாகத்திலிருந்து என்றால் எழுதுவேன், கூலி எவ்வளவு என்பதை முதலில் எழுத்தில் தரவும். இப்படிக்கு என்று போட்டு, பெயரை முழுசாக எழுதினாள்.

இவள் அடுப்பைத் தணிப்பதற்குள் வந்துவிட்டது பதில். அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

பாவம், அந்த வேறொருத்தி. இந்நேரம் சிவகாமியின் கதவைத் திறந்துகொண்டிருப்பாள்.

அதை நினைத்தபோதுதான் குழு ஞாபகம் வந்தது. விளம்பரத்துக்குக் கீழேயே எழுதினாள். நடந்ததை நடந்தபடி, வசவு ஒன்றும் சேர்க்காமல், போனில் பேசிய பெண்ணை மட்டும் விட்டுவிட்டு எழுதினாள். யாரும் எதையும் அனுப்ப வேண்டாம் என்று முடித்தாள்.

முடித்த பிறகும் விரல் நகரவில்லை. இன்னொரு வரி சேர்த்தாள்.

பதினைந்தாம் பாகத்தை எழுதியவர் இங்கே இருக்கிறாரா?

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். ஒருத்தி நன்றி சொல்லியிருந்தாள். ஒருத்தி, ஐயோ நான் ஏழாம் பாகம் என்றிருந்தாள். அதற்கும் கீழே, நாகர்கோவிலிலிருந்து, ஜெபசெல்வி என்று ஒரு புதுப் பெயர்.

"நான்தான்க்கா பதினஞ்சு. அந்தப் பொம்பள மேல ஒரு தப்பும் கெடையாது. மன்னிப்பு கின்னிப்பு கேக்க வச்சிராதிய."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கம்பெனிக்கு அனுப்ப அல்ல.

மன்னிப்பு இருந்த பத்தியை முழுசாக எடுத்துவிட்டாள்.