கால் படாத பனி

“யாரோ என் பனியில நடக்குறாங்க” என்றார் புகைப்படக்காரர், வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்ட குரலில்.

வாடகைக்கு எடுத்த காட்டேஜின் மாடி ஜன்னலில் கேமராவை நிறுத்தி ஆறு நாளாகக் காவல் காக்கிறார். முன்வாசலில் தொடங்கி சாலைவரை ஒரே வெள்ளை வயல். அதில் ஒரு காலடிகூட விழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனைவி உட்பட எல்லோருக்கும் பின்வாசல்தான்.

இப்போது அந்த வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் காலடித் தடம். கூடவே எதையோ இழுத்துப்போன நீளக் கோடு.

“அந்தக் காட்டேஜ்காரம்மாவாத்தான் இருக்கும். விறகை இழுத்துட்டுப் போகுது. முந்தாநாள்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்” என்று கீழே சமையலறைவரை கேட்கும்படி சொன்னார். பதில் இல்லை. மனைவி பேசாமலிருந்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

சரியாகச் சொன்னால், இன்றோடு இருபது. அந்தக் கல்யாண நாளுக்காகத்தான் இந்தப் பயணமே. மனைவிக்கு அவர் கொடுத்த பரிசு இது. அதை முன்னிட்டுத் தனக்கு ஒரு புது லென்ஸும் வாங்கிக்கொண்டார்.

தொழிலில் அவர் கல்யாண போட்டோகிராபர். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் “கொஞ்சம் சிரிங்கம்மா, இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சிக் கெஞ்சி எடுத்து அலுத்தவர். ஆளே இல்லாத ஒரு படம் எடுத்து அது காலண்டர் அட்டையில் வரவேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. காலண்டர் கம்பெனி நடத்தும் போட்டியிலிருந்து மூன்று வருடமாக அவர் படம் திரும்பி வந்தது. இந்த வருடப் போட்டிக்கு இன்று பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது.

நேற்று மனைவி கேட்டாள். “ஆயிரம் படம் எடுத்தாச்சு. ஒண்ணுலயாவது நான் இருக்கேனா?”

“ஆள் வந்தா சீனரி கெட்டுடும்மா.”

“இந்தப் புதுக் கோட்டு எப்படி இருக்குன்னாவது பார்த்தீங்களா?”

“பிரமாதம்” என்றார், லென்ஸைத் துடைத்தபடி. என்ன நிறம் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பார். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

“நாளைக்கு மத்தியானமாவது கீழ வந்து என்கூட உட்கார்ந்து சாப்பிடுவீங்களா?”

“வெளிச்சம் எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

அந்த வெளிச்சம் இதோ வந்துவிட்டது. மேகம் விலகி வயல் முழுக்க வெயில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சிவப்புப் புள்ளி நட்டநடுவில் நின்றது. நின்றது மட்டுமா, காட்டேஜ் பக்கம் திரும்பி வேறு பார்த்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, நகர்கிற வழியாகத் தெரியவில்லை.

புகைப்படக்காரருக்குப் பொறுக்கவில்லை. நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை இறக்கக்கூட நேரமில்லாமல் ஜன்னலைத் திறந்தார். ஆட்டை விரட்டுவதுபோல் இரண்டு கையையும் வீசி விரட்டினார்.

புள்ளி இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு விறுவிறுவென்று சாலையை நோக்கிப் போனது.

“இப்படிச் சொன்னாத்தான் புரியுது” என்றவர், வெயில் மங்குவதற்குள் படத்தை எடுத்துவிட்டார். ஓரத்தில் புள்ளியும் விழுந்திருந்தது. அதனாலென்ன, கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது? மாப்பிள்ளைகளின் முகப்பருவை அழித்தே பிழைக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முதலில் அந்த நீளக் கோட்டை அழித்தார். அடுத்து காலடிகளை ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியாகப் புள்ளியையும் துடைத்துப் போட்டார்.

படம் அற்புதமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ‘தனிமை’ என்று பெயர் வைத்து, பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார்.

சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கினார். “சாப்பாடு எடுத்து வை. சொன்ன மாதிரி வந்துட்டேன் பாரு.”

சமையலறையில் யாரும் இல்லை. மேஜைமேல் ஒரே ஒரு தட்டு மூடி வைத்திருந்தது.

பின்வாசல் திறந்தது. காட்டேஜ்காரம்மா பூட்ஸிலிருந்த பனியை உதறிவிட்டு உள்ளே வந்தார். புகைப்படக்காரர் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, அவ்வளவு சொல்லியும் என் படத்துக்குள்ள நடந்தா என்ன அர்த்தம்?”

“நான் எங்க சார் நடந்தேன்? நான் ரோட்டு வழியா வர்றேன். பதினோரு மணி பஸ்ஸுல அம்மாவை ஏத்திவிட்டுட்டு வர்றேன்.”

“எந்த அம்மா?”

காட்டேஜ்காரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மூடிய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அது புகைப்படக்காரரின் வீட்டுச் சாவி. மனைவியிடம் இருக்கிற சாவி.

“பெட்டியை இழுத்துட்டுப் போனவங்க, நீங்க கூப்பிட்டா திரும்பிடலாம்னு பாதி வழியில நின்னாங்களாம் சார்.”

புகைப்படக்காரர் மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கண்ணுக்கு இறக்கினார்.

“நீங்கதான் போ போன்னு கை காட்டினீங்களாமே.”